வெட்டியெடுத்த வாய்ச்சத்தம்

அக்டோபர் 4, திங்கள்

வெயில். புரட்டாசி பாதி தாண்டியாச்சு, வானத்துல பொட்டு மேகம் இல்ல. சுத்துப்பட்டுல எல்லாரும் புழுதியில விதைச்சுப்போட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. குழாய்லயும் தண்ணி வரல, இன்னையோட எட்டு நாள். செல்வி காலையிலேயே குடத்த உருட்ட ஆரம்பிச்சிட்டா. என் பொண்டாட்டியப் பொறுத்தவரைக்கும் கோவில்பட்டிக்குத் தண்ணி வராததும் என் குத்தம்தான்.

இன்னைக்கு வேலை:
– ஜவுளிக்கடை தீபாவளி அறிவிப்பு (ஆட்டோ ரெண்டுக்கு)
– மூட்டுவலி வைத்தியர் பேச்சு. அவரே பேசணுமாம்.
– சங்கத்து மண்டப ஆம்ப்ளிபயருக்கு பியூஸ்

வைத்தியருக்குக் காஞ்ச வாய். ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலயும் உதடு ஒட்டிப் பிரியுத சத்தம், அப்பளம் நொறுங்குத மாதிரி. அவருக்குக் கேக்காது. அவங்கவங்க வாய்ச்சத்தம் அவங்களுக்குக் கேக்குறதே இல்ல. எனக்குத்தான் கேக்குது. பதினாலு வருசமா இந்த ரெக்கார்டிங் கடையில உக்காந்து ஊர்ல பாதிப்பேர் வாய் எனக்கு மனப்பாடம். டீ குடிச்சிட்டு வராதீங்கன்னு சொன்னா, குடிச்சிட்டுத்தான் வருதாங்க.

சுவத்துல எழுதி ஒட்டணும்:
பேசுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால பால், டீ, மிச்சர் கூடாது.
வெறும் தண்ணி. மடக்கு மடக்கா.
அரை நெல்லிக்காய் மென்னு துப்பணும், வாய் ஊறும்.
உதட்டுல தேங்காண்ணெய்.
மைக் வாய்க்கு நேரா கூடாது, கன்னத்துப் பக்கமா ஒரு சாண் தள்ளி.
வெத்தல போட்டவுக வெளிய.

பதினோரு மணிபோல தீப்பெட்டி முதலாளிமார் சங்கச் செயலாளர் வந்தாரு. கையில ஒரு கேசட். போன மாசம் பசுவந்தனை ரோட்டுத் தீப்பெட்டி ஆபீசுல தீப்பிடிச்சதுல்ல, அதுல ரெண்டு கையும் வெந்துபோன மாரியம்மா பேசினது.

"ஆஸ்பத்திரிக்கே போய் எடுத்தோம். ஞாயித்துக்கெழம மண்டபத்துல விசாரணை. கமிட்டிக்காரங்களுக்குப் போட்டுக் காட்டணும். ஒரே வாய்ச்சத்தமா கெடக்கு, அத எடுத்துருங்க."

"பேச்சுல கை வைக்கணுமா அண்ணாச்சி?"

"பேச்சுல ஒரு எழுத்தத் தொடக்கூடாது. வாய்ச்சத்தம் மட்டும். ஆனா ஒண்ணு விடக்கூடாது."

சரின்னேன். விசயம் ஊருக்கே தெரிஞ்சதுதான். குச்சிய எடுத்துப் பெட்டியில அடைக்கிற ரூம் கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. தீப்பிடிச்சப்ப உள்ள ஏழு பொம்பளைங்க. மாரியம்மாதான் ஜன்னல ஒடச்சு மத்தவங்கள வெளிய தள்ளிவிட்டா. பூட்டினது போர்மேன் கணேசன். முதலாளி சொல்லித்தான் தெனமும் பூட்டுதேன்னு அவரு சொல்லுதாரு. நான் சொல்லவே இல்ல, நான் அன்னைக்கு ஊர்லயே இல்லன்னு முதலாளி. மாரியம்மா சொல்றதுதான் முடிவு. கணேசனாத்தான் பூட்டினாருன்னு ஆச்சுன்னா ஞாயித்துக்கெழம சாயங்காலமே அவர ஸ்டேசன்ல ஒப்படைச்சிருவாங்க.

இந்த டைரியே கணேசன் குடுத்ததுதான். வருசா வருசம் பொங்கலுக்கு முன்னால ஆபீஸ் டைரி ஒண்ணு கொண்டாந்து போடுவாரு.

தொண்டை கரகரன்னு இருக்கு. உப்புத் தண்ணி.

அக்டோபர் 5, செவ்வாய்

காலையில கரெண்ட் இல்ல. பதினோரு மணிக்கு வந்துச்சு. கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. மொத்தம் பத்து நிமிசம்.

முதல்ல செயலாளர் குரல். "இந்தக் கட்டில் பக்கத்துல நானும் மாரியம்மாவும் அவ வீட்டுக்காரர் முருகனும் மட்டும்தான் இருக்கோம். வேற யாரும் இல்ல. மாரியம்மா யாரோட வற்புறுத்தலும் இல்லாம பேசுதா."

பெறகு அவ குரல். சின்னக் குரல். முப்பது வயசு இருக்கும்னு சொன்னாங்க, பதினஞ்சு மாதிரி கேக்குது.

"கதவப் பூட்டுனது யாரும்மா?"
"போர்மேன் அண்ணாச்சி."
"முதலாளி சொல்லிப் பூட்டினாரா, அவராப் பூட்டினாரா?"
"அவராத்தான்."

கணேசன் கதை முடிஞ்சுது. ஆனா நான் என்ன செய்ய, அந்தப் பிள்ளயே சொல்லுது. எனக்கு வாய்ச்சத்தம்தான் வேலை.

வேலை செஞ்ச விதம் (மறந்துபோகாம இருக்க): பேச்சு திரையில மேடுபள்ளமாத் தெரியும். வாய்ச்சத்தம் கருவேல முள்ளு மாதிரி தனியா நிக்கும். பெருசாக்கிப் பாத்து முள்ள மட்டும் பிடுங்கணும். மொத்தமா ஒரே அமுக்கு அமுக்கினா 'ச'வும் 'ட'வும் சேந்து போயிரும், பேசுறவுக பொக்கைவாய் ஆயிருவாக. பிடுங்கின எடத்துல வெறும் மவுனம் வைக்கக் கூடாது, காது அந்தக் குழியில விழும். அதே கேசட்டுல யாரும் பேசாத எடத்துல இருந்து பேன் சத்தத்த ஒரு துண்டு எடுத்து ஒட்டணும்.

வெட்டினத தூக்கிப் போடுறதில்ல. இன்னொரு பைல்ல அதே நிமிசம் அதே செகண்ட்ல ஒட்டி வைப்பேன். பேரு 'குப்பை'. முன்ன ஒரு கல்யாண அறிவிப்புல மாப்பிள்ள பேர்ல பாதிய முள்ளுன்னு நெனச்சு வெட்டிட்டேன், திரும்ப எடுக்க வழியில்ல. பொண்ணு வீட்டுக்காரங்க கடைக்கே வந்து நின்னாங்க. அதுல இருந்து இந்தப் பழக்கம்.

சாயங்காலம் வரைக்கும் பாதி முடிஞ்சுது. முக்கால்வாசி அவ காஞ்ச உதடுதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு மடக்குத் தண்ணி குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

ஒரு சத்தம் மட்டும் வேற மாதிரி இருக்கு. அவ பேசாத எடத்துல வருது. முருகனா இருக்கும்.

அக்டோபர் 6, புதன்

தண்ணி வந்துச்சு. பத்தாவது நாள். செல்வி அண்டா வரைக்கும் ரொப்பி வச்சிட்டா, இன்னைக்கு நான் நல்லவன்.

அந்தச் சத்தத்தத் தனியா எண்ணினேன். ஒம்பது தடவ. நீளமா ஒரு 'ஸ்ஸ்ஸ்', முடிவுல ஒரு 'டக்'. கடவாப்பல்லு ஓட்டையில நாக்க வச்சு உறிஞ்சுத சத்தம். ஒம்பதும் கேள்விக்குப் பெறகு, அவ பதிலுக்கு முன்னால. கேள்வி, உறிஞ்சல், பதில். கேள்வி, உறிஞ்சல், பதில். உறிஞ்சல் வராத கேள்விக்கெல்லாம் அவ நல்லாப் பேசுதா. பேரு என்ன, எத்தன பிள்ளைங்க, அதுக்கெல்லாம்.

இத எங்கயோ கேட்டிருக்கேன்னு காலையில இருந்து கொடைச்சல். மத்தியானம் தயிர்ச்சோத்துல கை வச்சப்ப ஞாபகம் வந்துச்சு. கை அப்படியே நின்னுபோச்சு. செல்வி, "கல்லு கெடக்கா?"ன்னா.

மூணு வருசத்துக்கு முன்னால நகராட்சித் தேர்தல். மாரியம்மா வேலை பாத்த அதே ஆபீஸ் முதலாளி வார்டுக்கு நின்னாரு. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" ஸ்ஸ்ஸ்-டக். "உங்கள் பொன்னான வாக்குகளை" ஸ்ஸ்ஸ்-டக். ரெண்டு நாள் உக்காந்து எடுத்தேன். அவருக்கு நெல்லிக்காய் குடுத்தேன், தண்ணி குடுத்தேன், ஒண்ணுக்கும் அடங்கல, அது வாய் வறட்சி இல்ல, பல்லு. மேல வலது பக்கம்.

பழைய கேசட் அடித்தட்டுல இருந்துச்சு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டேன். நீளம் அதே நீளம். 'டக்'குக்குப் பெறகு மூக்குல விடுத மூச்சு, அதுவும் அதே.

அவரு அங்க இருந்திருக்காரு. மைக்குக்கு ரெண்டு மூணு அடி தள்ளி. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னா அந்த தூரம் வரும்.

பயமா இருக்கு. கடைக் கதவ உள்பக்கமா சாத்தி வச்சுட்டு எழுதுதேன். இனிமே அந்த ரெண்டு பேரயும் முழுசா எழுத மாட்டேன். முதலாளி – மு. செயலாளர் – செ. அது போதும்.

ஒண்ணு விடக்கூடாதுன்னாரே செ. இப்பத்தான் புரியுது.

அக்டோபர் 7, வியாழன்

ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டு கெடந்தேன். வேற யாராவும் இருக்கலாமேன்னு:

முருகனா இருக்கலாம். அவன் பல்ல நான் கேட்டதில்ல.
செ.யா? இல்ல. ஒரு எடத்துல கேள்வி கேட்டுட்டு அவரு 'சொல்லும்மா'ங்கும்போதே உறிஞ்சல் விழுது.
பக்கத்துக் கட்டில்காரரா? எல்லா முக்கியமான கேள்விக்கும் சரியா உறிஞ்சுவாரா?
என் காது கெட்டுப்போச்சா. அப்படி இருந்தா நல்லா இருக்கும்.

கடை இருக்குத கட்டடம் மு.வோட தம்பி கட்டடம். நேத்து வரைக்கும் இது எனக்கு ஞாபகமே இருந்ததில்ல. இன்னைக்கு ஷட்டரத் தூக்கும்போதுதான் வந்துச்சு.

பன்னண்டு மணிக்கு கணேசன் சைக்கிள்ல வந்தாரு. ஆளு பாதி ஆயிட்டாரு. ஸ்டூல்ல உக்காரல, வாசல்லயே நின்னாரு.

"அண்ணாச்சி, அந்த கேசட் ஒங்ககிட்டதான் இருக்காமே."

"இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாது."

"கேக்க வரல. கமிட்டிக்காரங்களுக்கு வெவரமா கேக்குற மாதிரி நல்லா எடுத்துக் குடுங்க, அதச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பிள்ள பொய் சொல்லாது. என் மக மாதிரி அது."

"ம்"னேன். என் வாயில எச்சி இல்ல. அந்த 'ம்'முக்கு முன்னால உதடு ஒட்டிப் பிரிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. எனக்கு என் சத்தம் கேட்டது இதுதான் மொதத் தடவ.

அவரு போன பத்து நிமிசத்துல செ. போன். "கணேசன் அங்கன வந்தானாமே?" யாரு சொன்னாங்க அதுக்குள்ள. "மண்டபத்துக்கு வழி கேட்டாரு"ன்னேன். இருவது வருசமா இந்த ஊர்ல இருக்கிறவருக்கு மண்டபத்துக்கு வழி. என்ன பொய் இது. செ. சிரிச்சாரு. "வேலை முடிஞ்சதும் கேசட்ட எங்கிட்டயே திருப்பித் தந்துருங்க. காப்பி எதுவும் வச்சுக்கிடாதீங்க"ன்னாரு.

முருகன் பல்லு எப்படின்னு பாத்துட்டா ஒரு முடிவுக்கு வரலாம். நாளைக்கு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போறேன். செல்விகிட்ட மைக் வாங்கப் போறதாச் சொல்லியாச்சு.

அக்டோபர் 8, வெள்ளி

ஏழே கால் பஸ். ஜன்னல் சீட். கயத்தாறு வரைக்கும் ரெண்டு பக்கமும் கறுப்பு மண்ணு வெடிச்சுக் கெடக்கு. பக்கத்துல உக்காந்திருந்த பெரியம்மா யார்கிட்டயோ: "விதச்சது பூரா எறும்பு தின்னுட்டுப் போயிரும் போலுக்க." திரும்பிரலாமான்னு கங்கைகொண்டான்ல ஒரு தடவ நெனச்சேன்.

ஆஸ்பத்திரி. தீக்காய வார்டு. கொசுவலை மாதிரி ஒண்ணு கட்டி அதுக்குள்ள அவ. ரெண்டு கையும் முழங்கைக்கு மேல வரைக்கும் வெள்ளத் துணி. முருகன் கட்டில் ஓரமா உக்காந்து இட்லியப் பிச்சு ஊட்டிக்கிட்டு இருந்தான். "சங்கத்துல இருந்து வாரேன், கேசட் வேலை பாக்குதவன்"னேன்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போயிருந்தேன். முருகன ரெண்டு சுளை திங்க வச்சேன். சும்மா ஊர்ப்பேச்சு பேசிக்கிட்டே காதத் தீட்டி வச்சிருந்தேன். நல்ல பல்லு. வரிசையா இருக்கு. சப்புக்கொட்டித்தான் திங்கான், ஆனா உறிஞ்சல் இல்ல. கால் மணி நேரத்துல ஒரு தடவகூட இல்ல.

பக்கத்துக் கட்டில் ஒரு சின்னப் பொண்ணு. அதுக்குத் துணை அவ அம்மா. ஆம்பளையே இல்ல.

நான் செஞ்ச தப்பு இனிமேதான். மனசுக்குள்ள அந்தச் சத்தமே ஓடிக்கிட்டு இருந்துச்சு. முருகன் பல்லு இல்ல, அப்ப யாரு, அது எப்படி வரும்னு யோசிச்சுக்கிட்டே என்னை அறியாம என் நாக்கு கடவாப்பல்லுக்குப் போயிருச்சு. ஸ்ஸ்ஸ்-டக்.

மாரியம்மா மெல்லுறத நிறுத்திட்டா. கண்ணு என்னப் பாக்கல. வாசலப் பாத்துச்சு. கட்டுப்போட்ட கை ரெண்டும் நெஞ்சுப் பக்கமா வந்துச்சு. முருகன் எந்திரிச்சு நின்னுட்டான்.

"நாந்தான்மா. நான்தான் அந்தச் சத்தம் போட்டேன். வேற யாரும் வரல"ன்னேன்.

வாசல விட்டுக் கண்ண எடுக்காமலே அவ: "அவிய கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லல. எம் பிள்ளைங்க ரெண்டும் அவிய வீட்டுலதான் இருக்கு, பாத்துக்கிடுதோம்னு கூட்டிட்டுப் போயிருக்காவ."

முருகன், "சும்மா இரு"ன்னான் அவகிட்ட. எங்கிட்ட, "நீங்க வந்ததா யார்கிட்டயும் சொல்லிராதீங்க"ன்னான்.

திரும்பி வார வழியெல்லாம் பஸ்ல யாரு இருமினாலும் திரும்பிப் பாத்தேன். மைக் வாங்கல. செல்வி கேட்டா. கடை அடைச்சிருந்துச்சுன்னேன்.

அக்டோபர் 9, சனி

வேல முடிஞ்சுது. சுத்தமான வேலை. இப்பப் போட்டா ஆஸ்பத்திரி வார்டுல ஒரு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் மட்டும் அமைதியா பேசிக்கிட்டு இருக்காங்க. ஒரு முள்ளு இல்ல. இத்தன வருசத்துல இவ்வளவு நல்லா நான் செஞ்சதே இல்ல. அத நெனச்சா இன்னும் பயமா இருக்கு.

பதினோரு மணிக்கு செ. ஆளு அனுப்பி கேசட்ட வாங்கிட்டாரு. சி.டி. நானே மண்டபத்துக்குக் கொண்டு வாரேன், மைக் செட்டும் நான்தானேன்னு சொல்லி அனுப்பினேன். கம்ப்யூட்டர்ல முழு கேசட் இருக்கு. 'குப்பை' இருக்கு. அழிக்கப் போனேன் ரெண்டு தடவ. அழிக்கவான்னு கம்ப்யூட்டர் கேக்கும்ல, அங்க வந்து கை நின்னுருது.

மத்தியானம் செல்விகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சனிக்கெழமைன்னு பெருமாளுக்கு வெளக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. திரி போட்டு முடிச்சிட்டுத் திரும்பினா.

"அப்ப மைக்கு வாங்கப் போகல."

"போகல."

"நெனச்சேன்." வெளக்க ஏத்திட்டு, "அவிய வாய்ச்சத்தத்த எடுக்கச் சொன்னாவ. எடுத்துட்டீங்க. எடுத்தத என்ன செய்யணும்னு சொன்னாவளா?"

"காப்பி வச்சுக்கிடாதன்னாரு."

"கேசட்டுக்குத்தான அது. இது காப்பியா? அவிய வேண்டாம்னு போட்டது."

இவள கட்டிக்கிட்டு பதினாறு வருசம் ஆச்சு. இவளுக்கு வக்கீல் வேலைக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. "கடையக் காலி பண்ணச் சொல்லுவாங்கட்டி"ன்னேன். "சொல்லுவாங்க"ன்னா.

ரெண்டு சி.டி. அடிச்சாச்சு. ஒண்ணுல சுத்தமான பேச்சு. இன்னொண்ணுல 'குப்பை'. எதப் போடணும்னு முடிவு பண்ணல. ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன், அவ்வளவுதான். எடுத்துட்டுப் போறதுல ஒண்ணும் இல்லல.

அக்டோபர் 10, ஞாயிறு

சாயங்காலம் எழுதுதேன். நடந்தத நடந்தபடி.

பத்து மணிக்கு மண்டபம். கமிட்டி அஞ்சு பேர் மேடையில. தலைவர் ஓட்டப்பிடாரத்துக்காரர், பேசவே மாட்டாரு, மோவாயத் தடவிக்கிட்டே இருப்பாரு. முன் வரிசையில மு. வெள்ள வேட்டி சட்டை. அவருக்கு ரெண்டு நாற்காலி தள்ளி கணேசன். பின்னால ஆபீஸ்காரங்க, வேலைபாக்குத பொம்பளைங்க, ஒரு நூறு பேர் இருக்கும்.

மொத சி.டி.யப் போட்டேன். சொன்ன மாதிரியே செஞ்சேன். மாரியம்மா குரல் மண்டபம் பூரா கேட்டுச்சு. "அவராத்தான்"னு வந்தப்ப பின்னால ஒரு பொம்பள, "அடப் பாவி கணேசா"ன்னா. கணேசன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. செ. என்னப் பாத்து நல்லா இருக்குன்னு தலைய ஆட்டினாரு.

தலைவர், "கணேசன், சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

கணேசன் எந்திரிச்சாரு. "அந்தப் பிள்ள அப்படிச் சொல்லிருக்குன்னா, நான் என்னங்க சொல்ல." அவ்வளவுதான். உக்காந்துட்டாரு. அந்தப் பிள்ளமேல ஒரு வார்த்த கோவமா சொல்லல.

அவரு ஒரு வார்த்த ஏசியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன்னுதான் நெனைக்கேன்.

ரெண்டாவது சி.டி. என் சட்டைப் பையில. எப்ப எடுத்தேன், எப்பப் போட்டேன்னு தெரியல. மைக்ல நான் பேசினது மட்டும் தெரியும். குரல் கீச்சுன்னு போச்சு. "இது அந்த கேசட்டுல இருந்து நான் வெட்டியெடுத்த வாய்ச்சத்தம். செயலாளர் அண்ணாச்சி ஒண்ணு விடாம எடுக்கச் சொன்னாரு. எடுத்தது இது."

செ. எந்திரிச்சாரு. அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருச்சு.

பேச்சு இல்ல. வெறும் சத்தம். உதடு பிரியுத சத்தம், எச்சி விழுங்குத சத்தம், நடுவுல நீளமா அமைதி. பின்னால சிரிச்சாங்க. ஒருத்தன், "இது என்ன மாடு அசை போடுதா?"ன்னான். பெறகு மொத உறிஞ்சல். ஸ்ஸ்ஸ்-டக். ஸ்பீக்கர் பெட்டி ரெண்டுலயும் பெருசா. இன்னும் சிரிப்பு. ரெண்டாவது. மூணாவது. சிரிப்பு கொறஞ்சுது. வேலைபாக்குத பொம்பளைங்க பக்கம் மொதல்ல சத்தம் நின்னுச்சு. அவங்க சிரிக்கல. ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டாங்க. தெனமும் முதுகுக்குப் பின்னால அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு பெட்டி அடைக்கிறவங்க.

மு. ஆடல, அசையல. செ. மேடைக்கு வந்து வயரப் பிடுங்கினாரு. மண்டபத்துல ஒரு சத்தமும் இல்ல. அப்பத்தான் முன் வரிசையில இருந்து, மெதுவா, அவருக்கே தெரியாம:

ஸ்ஸ்ஸ்-டக்.

எல்லாத் தலையும் திரும்பிச்சு. மு.வுக்கு ஏன் எல்லாரும் தன்னப் பாக்காங்கன்னு புரியவே இல்ல. கையால வாயத் தொடச்சுப் பாத்துக்கிட்டாரு, ஏதோ ஒட்டியிருக்குன்னு நெனச்சாரு போல.

தலைவர் மோவாயத் தடவுறத நிறுத்திட்டு எங்கிட்ட கேட்டாரு, "பேச்சும் இந்தச் சத்தமும் சேந்தது இருக்கா?" "கடையில கம்ப்யூட்டர்ல இருக்குங்க." "அந்தச் சத்தம் எங்கெங்க வருது?" "கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல." வேற ஒண்ணும் கேக்கல. நாளைக்கு அவரும் இன்னொருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் போறாங்களாம், வேற யாரும் கூட வரக்கூடாதாம். பிள்ளைங்க ரெண்டையும் இன்னைக்கே மாரியம்மா தாய் வீட்டுல விடணும்னு பின்னால இருந்து பொம்பளைங்களே சொல்லி, நாலு பேரு கூடவே கெளம்பிட்டாங்க.

கணேசன் எங்கிட்ட வரல. வெளிய சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் மைக் ஸ்டாண்ட மடக்குத மாதிரி முதுகக் காட்டி நின்னேன்.

அக்டோபர் 11, திங்கள்

கடை திறக்கல. வீட்டுல. காய்ச்சல் மாதிரி இருக்கு, தெர்மாமீட்டர்ல இல்ல.

தெருவுல மோட்டார் சைக்கிள் நின்னா செல்வி ஜன்னலப் பாக்கா. நானும் பாக்கேன். ரெண்டு பேரும் பாக்காத மாதிரி இருக்கோம்.

மூணு மணிக்கு மழைக்கு மேக்க கறுத்துச்சு. வரல.

அக்டோபர் 12, செவ்வாய்

காலையில மழ. நல்ல மழ, அரை மணி நேரம். மண்ணு வாடை.

கணேசன் கொட கூட இல்லாம நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. மாரியம்மா மாத்திச் சொல்லிட்டாளாம். மு.தான் தெனமும் பூட்டச் சொல்லுவாருன்னு, எல்லாத்தையும். கமிட்டி எழுதி வாங்கியிருக்கு. ஸ்டேசனுக்கு இப்ப வேற பேரு போயிருக்கு.

"ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?"ன்னாரு.

"கேட்டுச்சு"ன்னேன்.

செல்வி காப்பி குடுத்தா. குடிச்சாரு. நாக்கால உதட்டத் தடவிக்கிட்டு சின்னதா ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவருது வேற. அவருது வெறும் உதடு.

அக்டோபர் 13, புதன்

கடை திறந்தேன். ஷட்டர் கீழ ஒரு காகிதம், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு. கையெழுத்து மு.வோட தம்பி. இது எதிர்பாத்ததுதான்.

வேலை:
– ஜவுளிக்கடை (இன்னைக்காவது)
– வேற எடம் பாக்கணும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி இருக்குன்னாங்க.
– அந்த பைல் மூணையும் (முழுசு, சுத்தம், குப்பை) இன்னொரு சி.டி.யில அடிச்சு செல்விகிட்ட குடுத்து அரிசி டின்னுல.

பதினொன்னே கால். போன் அடிச்சுது. எடுத்து அலோன்னேன். யாரும் பேசல. லைன் கட் ஆகல, பின்னால பேன் சுத்துறது கேட்டுச்சு. இன்னொரு தடவ அலோன்னேன்.

ஸ்ஸ்ஸ்-டக்.

வைக்கல. ஸ்பீக்கர் பட்டன அமுக்கி ரிசீவர மேசையில போட்டுட்டு, டேப்பப் பக்கத்துல தள்ளி சிவப்புப் பட்டன அமுக்கினேன். அந்தப் பக்கமும் வைக்கல. ரெண்டு பேரும் பேசாமலே இருந்தோம். என் வாய் காஞ்சு உதடு பிரியுத சத்தமும் அதுல விழுந்திருக்கு. நாலு நிமிசம் ஓடியிருக்கு. தேதி போட்டு வச்சிருக்கேன். எதையும் வெட்டல.